அட்டை இல்லாத இசை இதழ்கள்

எனக்குப் பாட்டு தெரியாது. ஒரு ராகத்துக்கும் இன்னொரு ராகத்துக்கும் என்ன வித்தியாசம் என்று என் மகள் பலமுறை பாடிக் காட்டியிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் புரிந்ததுபோலத் தலையாட்டியிருக்கிறேன். நாச்சியாபுரம் பக்கத்தில் ஒரு பள்ளியில் வேதியியல் நடத்துகிறேன். பள்ளி, வீடு, விடைத்தாள் என்று போய்க்கொண்டிருந்தவள் நான். ஆனால் கடந்த ஓராண்டில் நம் நாட்டில் கிடைக்கிற இசைப் பத்திரிகைகளில் கைக்கு எட்டியவற்றையெல்லாம் ஆசிரியர் பக்கத்திலிருந்து சந்தா விவரம் வரை படித்திருக்கிறேன். எது எப்படி என்று யாராவது கேட்டால் இப்போது என்னால் சொல்ல முடியும். யாரும் கேட்பதில்லை.

என் மகள் மதுரையில் வயலின் படித்துக்கொண்டிருந்தாள். இசைக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. ஒருநாள் காலையில் விடுதியிலிருந்து அழைத்தாள்.

"அம்மா, போன் இந்தக் காதுல கேக்க மாட்டேங்குது."

"சார்ஜ் இல்லாம இருக்கும். அங்குட்டு மாத்தி வச்சுப் பேசு."

"மாத்தித்தான் பேசுறேன். அதுல கேக்குது. இதுலதான் ஒண்ணுமே இல்ல."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். வகுப்பில் கரும்பலகைப் பக்கம் திரும்பும்போது அந்தக் குரல் இன்னும் எனக்குக் கேட்கிறது. கையில் சாக்பீஸை வைத்துக்கொண்டு, எழுத வந்தது என்ன என்று மறந்து நின்றுவிடுகிறேன்.

போனது இடது காது. வயலினை வைத்துக்கொள்ளும் பக்கம்.

தூங்கி எழுந்தால் இப்படிப் போவதுண்டு என்றார் மதுரை டாக்டர். பலருக்குக் காரணமே தெரியாமல் போகும், வைரஸாக இருக்கலாம், ரத்த ஓட்டமாக இருக்கலாம் என்றார். மாத்திரை கொடுத்தார்கள். செவிப்பறை வழியாக ஊசி போட்டார்கள். கொஞ்சம் திரும்பி வந்தது, முழுதாக வரவில்லை. வந்த கொஞ்சத்தோடு ஓர் இரைச்சலும் கூடவே வந்து தங்கிவிட்டது. சோற்றுப்பானை கொதிக்கிற மாதிரி என்று ஒருநாளும், தூரத்தில் யாரோ தறி ஓட்டுகிற மாதிரி என்று இன்னொரு நாளும் சொல்வாள். இயர்போன் கூடாது, ஒலிபெருக்கி இருக்கும் பக்கமே போகக் கூடாது, வயலினைக் கொஞ்ச காலம் தொட வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார் டாக்டர். கல்லூரியில் நல்லவிதமாகப் பேசினார்கள். அடுத்த கல்வியாண்டு தொடங்கும்போது வந்துவிட்டால் இடம் இருக்கும், வராவிட்டால் பெயரை எடுத்துவிட வேண்டியிருக்கும் என்றார்கள். அதற்குள் அவள் திரும்பிப் போவாளா என்பதுதான் வீட்டில் எல்லாருடைய மனத்திலும் இருந்தது. யாரும் அதை வாய்விட்டுக் கேட்கவில்லை.

காரைக்குடிக்குக் கூட்டி வந்தோம். எனக்கு இன்னொரு பயம் பிடித்துக்கொண்டது. வலது காதும் போய்விட்டால்? டாக்டர் அப்படி வருவது மிக அபூர்வம் என்று சொல்லியிருந்தார். 'மிக' என்ற சொல்லை விட்டுவிட்டு 'அபூர்வம்' என்பதை மட்டும் நான் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் அறைக்கு வெளியே நின்று மெல்லக் கூப்பிட்டுப் பார்ப்பேன். அடுப்படியில் வேண்டுமென்றே கரண்டியைத் தரையில் போடுவேன்.

"ஸ்பூன் இல்ல, கரண்டி. கேட்டுச்சு," என்று உள்ளிருந்து பதில் வரும். "டெஸ்ட் வைக்கிறதை ஸ்கூலோட நிறுத்திக்கம்மா."

இப்படிச் சொல்வது நல்ல நாட்களில். மற்ற நாட்களில் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். என் நாத்தனார் போனில் அழைத்து, "காது விசயத்தை ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியாதீக மதினி. நாளைக்கு மாப்பிள்ளை பாக்கணும்ல," என்றாள். சரி என்று வைத்துவிட்டேன். சண்டை போடத் தெம்பில்லை.

விடுதிப் பெட்டியைக் காலி செய்தபோது அடியில் விரித்திருந்த காகிதங்களோடு ஒரு பழைய இசை மாத இதழ் இருந்தது. தமிழ் இதழ். அவளுடைய ஆசிரியர் எப்போதோ கொடுத்தது. அதை எடுத்துப் புரட்டியவள் சாயங்காலம் வரை கீழே வைக்கவில்லை. காபி கொடுக்கப் போனபோது நிமிர்ந்து பார்த்தாள்.

"படிச்சா ரெண்டு காதுலயும் கேக்குதும்மா."

மறுநாள் பள்ளி விட்டதும் நேராகப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள பத்திரிகைக் கடைக்குப் போனேன். கடைக்காரர் இந்த வட்டாரத்துக்கே ஏஜென்ட். கொத்தமங்கலம் வரை அவர் ஆள்தான் பேப்பர் போடுகிறார்.

"வாங்க டீச்சர். என்ன வேணும்?"

"இசைப் பத்திரிகை என்னென்ன வருது?"

"பாட்டுப் பொஸ்தகமா? சினிமாவா, சாமிப் பாட்டா?"

"பாட்டுப் புத்தகம் இல்ல. சங்கீதத்தைப் பத்தி எழுதுற பத்திரிகை."

அவர் தொங்கவிட்டிருந்த வரிசையைத் திரும்பிப் பார்த்தார். "சோசியம் இருக்கு. சமையல் இருக்கு. பரிட்சைக்குப் படிக்கிறவுகளுக்கு ஆறு தினுசு இருக்கு. கோழி வளர்ப்புக்குக்கூட ஒண்ணு வருது. நீங்க கேக்குறதை இங்குட்டு யாரும் கேட்டதில்ல." பிறகு என் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, "சந்தா கட்டுனா தபால்ல வரும் டீச்சர். நானே விலாசம் விசாரிச்சுத் தாரேன்," என்றார்.

அப்படித்தான் ஆரம்பித்தது. தமிழ் மாத இதழ் நடுவில் மடித்து, காகிதப் பட்டை சுற்றித் தபாலில் வரும். மடிப்பு விழுந்த இடத்தில் எப்போதும் யாராவது ஒரு வித்வானின் மூக்கு இருக்கும். அதில் பாதி பட்டமளிப்புச் செய்திகள். பொன்னாடை போர்த்தும் படங்களைப் பார்த்தால் கல்யாண ஆல்பம் போலிருக்கும். விமர்சனம் என்ற தலைப்பில் வருவதெல்லாம் பாராட்டு. எல்லாரும் ரசிகர்களைக் கட்டிப்போடுவார்கள், எல்லாரும் மனத்தை அள்ளுவார்கள். ஆனால் ஒவ்வொரு மாதமும் ஒரு பாட்டு முழுதும் ஸ்வரக் குறிப்போடு வரும். என் மகள் முதலில் அந்தப் பக்கத்தைத்தான் எடுப்பாள். உதடு அசையும், சத்தம் வராது. இடது கை விரல்கள் போர்வை மேல் தாமாக நகரும்.

சென்னையிலிருந்து வந்த ஆங்கில மாத இதழ் வேறு சாதி. வழவழப்பான தாள், பிளாஸ்டிக் உறை, கட்டுரைக்கு அடியில் குறிப்புகள். ஒவ்வோர் இதழிலும் இறந்துபோனவர்களைப் பற்றி நீண்ட கட்டுரைகள் வரும். உயிரோடு இருப்பவர்களுக்கு அவ்வளவு இடம் கிடைக்காது. அதில் எழுதும் ஒரு விமர்சகர் எந்தக் குறையைச் சொன்னாலும் 'என் காதுக்குப் பட்டவரை' என்று சேர்த்துக்கொள்வார். என் மகளுக்கு அதைப் படித்தால் சிரிப்பு வரும். "பின்ன யார் காதை வச்சுக் கேப்பாரு? பயந்த மனுசன்," என்பாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

மேற்கத்திய இசைக்கென மும்பையில் அச்சாகும் ஒரு வெளிநாட்டு இதழின் இந்தியப் பதிப்பு உண்டு. மதுரைக்கு மருத்துவமனைக்குப் போகும்போது வாங்கி வருவேன். கைக்கடிகார விளம்பரங்களுக்கு நடுவில் பாட்டைத் தேட வேண்டும். ஆனாலும் வடகிழக்கு மாநிலத்துப் பையன்கள் நாலு பேர் ஒரு கார் ஷெட்டில் பாட்டைப் பதிவு செய்த கதையை அதில் படித்துவிட்டு, இரண்டு நாள் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். மதுரையில் ஒரே ஒரு கடையில், தந்தி வாத்தியங்களுக்கென்றே இங்கிலாந்தில் வெளிவரும் இதழ் எப்போதாவது கிடைக்கும். பல மாதம் பழையதாக இருக்கும், விலையைப் பார்த்தால் திருப்பி வைத்துவிடத் தோன்றும். அதில் ஒரு தந்தியின் நாதத்தை விவரிக்க அரைப் பக்கம் எழுதுவார்கள். கதகதப்பு, இருட்டு, பட்டு, புகை. எங்கள் பாடப்புத்தகத்தில் வாயுக்களுக்கு மணம் எழுதியிருப்பது நினைவுக்கு வந்தது. அழுகிய முட்டை நாற்றம் என்று படித்தால் முகர்ந்தவனுக்கு மட்டும்தான் மூக்கு சுளிக்கும். என் மகள் அந்த அரைப் பக்கத்தைப் படிக்கும்போது முகத்தைக் கவனித்திருக்கிறேன். அவளுக்கு எல்லாம் கேட்டது. எனக்கு அது தாள்தான்.

நம் வார இதழ்களில் சினிமாப் பாட்டு விமர்சனமும் வருமே என்று அவற்றையும் வாங்கிப் பார்த்தேன். பாட்டு எப்படி இருக்கிறது என்பதைவிட யார் யாரோடு கோபம் என்பது அதிகம் இருந்தது. பல நல்ல பத்திரிகைகள் அச்சை விட்டுவிட்டு இணையத்துக்குப் போய்விட்டன என்றும் தெரிந்துகொண்டேன். போனில் படி என்றால் மாட்டேன் என்றாள். தொட்டால் ஏதாவது பாட ஆரம்பித்துவிடுகிறதாம்.

ஒருநாள் ஏஜென்ட் என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். பரணிலிருந்து ஒரு பழைய பத்திரிகைக் கட்டை இறக்கி வைத்திருந்தார்.

"உங்களுக்குன்னு தேடி எடுத்தேன். எல்லாம் சங்கீதம்தான். எப்பவோ ஒருத்தர் கேட்டு வரவழைச்சோம், அவர் ஊரை விட்டுப் போயிட்டாரு. எடுத்துக்கங்க."

எதற்கும் அட்டை இல்லை. விற்காத இதழ்களை முழுதாகத் திருப்பி அனுப்பினால் கூலி கட்டுப்படியாகாது. அட்டையை மட்டும் கிழித்து அனுப்பினால் கம்பெனிக்காரர்கள் விற்காத கணக்கில் கழித்துக்கொள்வார்கள். உள்ளே இருப்பது கடையிலேயே கிடக்கும், பஜ்ஜிக் கடைக்குப் போகும். ஆண்டு, ஆசிரியர் விவரமெல்லாம் அட்டையின் உட்புறத்தில் இருந்ததால் அதுவும் போய்விட்டது. பக்கங்களின் அடியில் மாதப் பெயர் மட்டும் இருந்தது. எல்லாம் ஒரே பத்திரிகை, நான் அதுவரை பார்க்காத ஒரு தமிழ் இதழ். இரண்டு பக்கம் புரட்டியதுமே இதுதான் எல்லாவற்றிலும் நல்லது என்று எனக்கே தெரிந்தது. பொன்னாடை இல்லை. ஒரு கச்சேரி ஏன் நன்றாக இல்லை என்று ஒருவர் கோபமில்லாமல் எழுதியிருந்தார்.

அந்தக் கட்டிலிருந்த ஓர் இதழின் கடைசிப் பக்கத்தில் ஓர் அறிவிப்பு இருந்தது. இசை படிக்கும் இளைஞர்கள் தாங்கள் கேட்ட ஒரு கச்சேரியைப் பற்றி எழுதி அனுப்பலாம், தேர்ந்தெடுக்கப்படுபவர்கள் தொடர்ந்து எழுத வாய்ப்பு உண்டு. கீழே சென்னை விலாசம்.

அதை அவள்தான் கண்டுபிடித்தாள். அன்று முதல் சுவரைப் பார்த்துப் படுப்பது நின்றது. காது போவதற்குச் சில வாரங்களுக்கு முன், விடுமுறைக்கு வந்திருந்தபோது, நாட்டரசன்கோட்டைக் கோயில் விழாவில் ஒரு வாய்ப்பாட்டுக் கச்சேரி கேட்டிருந்தாள். அதைத்தான் எழுதினாள். அடித்து அடித்து எழுதினாள். சாப்பாட்டுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு, "'தள்ளி நின்றது'ன்னு போடவா, 'ஏறி நின்றது'ன்னு போடவா?" என்று கேட்டாள். எனக்கு என்ன தெரியும்? ஆனாலும் ஏறி என்றே போடு என்றேன். முடித்ததும் படிக்கக் கொடுத்தாள். பாடகியைப் பற்றி அழகாக எழுதியிருந்தாள். ஒரு பத்தி பக்கவாத்திய வயலின்காரரைப் பற்றி. மேல் ஸ்தாயிக்குப் போகும்போதெல்லாம் அவர் சுருதியைவிட ஒரு நூலளவு ஏறியே நின்றார், அனுபவசாலியான அவர் இதைக் கவனிக்காதது வியப்பு என்று எழுதியிருந்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது. இதுவரை படித்த எந்தப் பத்திரிகையிலும் இவ்வளவு துணிவாக யாரும் எழுதியதில்லை என்று நினைத்தேன்.

தபாலில் சேர்த்தோம். அதற்குப் பிறகு தபால்காரர் வரும் நேரத்தில் அவள் வாசலில் நிற்க ஆரம்பித்தாள். தலை வாரிக்கொண்டாள். தோசை இன்னொன்று கேட்டாள். எனக்கு அதைப் பார்க்க நிம்மதியாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. இப்படி ஒரே ஆணியில் எல்லாவற்றையும் மாட்டிவிட்டாளே என்று.

அந்த இதழுக்குச் சந்தா கட்டிவிடலாம் என்று ஏஜென்டிடம் போனேன். யார் யாருக்கோ போன் போட்டு விசாரித்தார். கடைசியில் போனை வைத்துவிட்டுக் கன்னத்தைச் சொறிந்தார்.

"அது நின்னு போச்சாம் டீச்சர். கொரோனாவுக்கு முன்னாடியே. ஆசிரியர் தவறிட்டாராம், எடுத்து நடத்த ஆள் இல்லையாம். அட்டை இருந்திருந்தா எனக்கும் வருசம் தெரிஞ்சிருக்கும்."

வீட்டுக்கு நடந்தே போனேன். என் கணவர் உரக்கடையிலிருந்து அப்போதுதான் வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். கொல்லைப்புறத்தில் வைத்து மெதுவாகச் சொன்னேன்.

"இதுக்கா இப்புடி முழிக்கிற? நீயே ஒரு பதிலை டைப் அடிச்சுப் போட்டுரு. 'கட்டுரை அருமை, விரைவில் பிரசுரமாகும்'னு. பிள்ளை சந்தோசமா காலேஜுக்குப் போகட்டும்."

"சும்மா இருக்கீகளா? பிரசுரம் எங்க ஆகும், உங்க உரச் சாக்குலயா?"

"பெறகு என்னதான் செய்யப் போற?"

"சொல்லத்தான் வேணும்."

ஆனால் சொல்லவில்லை. இன்றைக்கு வேண்டாம், தலைவலி என்றாள், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன். அதற்குள் மற்ற இதழ்களையெல்லாம் எடுத்து வைத்து மறுபடி படித்தேன். இப்போது கேள்வி வேறு. எது நல்ல பத்திரிகை என்பதல்ல, எது இவள் எழுதியதைப் போடும்? பொன்னாடைப் பத்திரிகை போடாது. ஆங்கில இதழுக்கு மொழிபெயர்க்க வேண்டும், அவர்கள் அந்த வயலின்காரர் பத்தியை வெட்டிவிடுவார்கள். வெளிநாட்டுக்காரர்களுக்கு நாட்டரசன்கோட்டை எதற்கு? விடைத்தாள் திருத்த உட்கார்ந்த இடத்தில் இதையே புரட்டிக்கொண்டிருந்தேன். கண் எரிந்தது.

மதுரையில் மறுபரிசோதனைக்குப் போகிற நாள் வந்தது. பேருந்தில் ஏறி உட்கார்ந்ததும் அவளுடைய வலது பக்கம் நகர்ந்துகொண்டு சொல்லிவிட்டேன். பத்திரிகை இல்லை, நின்று பல வருடம் ஆயிற்று, எனக்குத் தெரிந்தே சில நாள் ஆகிறது.

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மேலூர் தாண்டியதும்தான் என் பக்கம் திரும்பினாள். பிறகு, "வேற எதுக்காச்சும் அனுப்புவோம். இன்னொரு காப்பி வச்சிருக்கேன்," என்றாள்.

டாக்டர் வழக்கமான சோதனைகளை முடித்தபின், இசைக் கவையை முழங்கையில் தட்டி ஒரு காதுப் பக்கம் வைத்தார், மறுபடி தட்டி மறு காதுப் பக்கம் வைத்தார். பிறகு அதைவிடச் சிறிய கவை, ஒலி இன்னும் மேல் சுருதியில் எழுவது.

"ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி கேக்குதாம்மா?"

"முதல்ல வச்சது ஒரே மாதிரிதான்," என்றவள் நிறுத்தினாள். "இது இடது பக்கம் கொஞ்சம் ஏறிக் கேக்குது."

"சுருதி கூடின மாதிரியா?"

"ஆமா. கொஞ்சூண்டு."

"இது இப்பத்தானா, முன்னாடியே இருந்துச்சா? உங்களை மாதிரி வாசிக்கிறவங்க சில நேரம் காது அடைக்கிறதுக்கு முன்னாலயே கவனிப்பாங்க."

அவள் அந்தக் கவையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் ஏதோ எழுதிக்கொண்டார்.

திரும்பும் வழியில் திருப்பத்தூர் நிறுத்தத்தில் வெள்ளரிப் பிஞ்சு வாங்கிக் கொடுத்தேன். கையில் வைத்துக்கொண்டே இருந்தாள்.

"அம்மா, அந்த வயலின்காரர் சரியாத்தான் வாசிச்சிருக்காரு."

எனக்கு உடனே விளங்கவில்லை.

"மேல போறப்ப எல்லாம் ஏறி நின்னாருன்னு எழுதினேன்ல. ஏறி நின்னது அவர் இல்ல. என் காது." சிரிக்கப் பார்த்தாள். "அனுபவசாலி கவனிக்காதது வியப்புன்னு வேற எழுதியிருக்கேன். அச்சுல வந்திருந்தா என்ன ஆகியிருக்கும்?"

அந்தப் பத்திரிகை செத்துப்போயிருந்ததே நல்லதாயிற்று என்று முதன்முறையாக ஒரு நன்றி மனத்தில் வந்தது. அடுத்த நொடியே வேறொன்று வந்து அதை மூடிவிட்டது. அந்த விழா நாளில் அவள் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். அப்போதே ஆரம்பித்திருக்கிறது. நான் விபூதி வாங்கிக்கொண்டு, கூட்டத்தில் செருப்பு தொலைந்துவிடுமோ என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். அப்போதே டாக்டரிடம் போயிருந்தால் என்று நினைக்க ஆரம்பித்தால் அதற்கு முடிவில்லை. இன்னும் முடியவில்லை.

"இனி யாரு சுருதியைப் பத்தியும் நான் எழுத முடியாதும்மா," என்றாள். பேருந்து கிளம்பிவிட்டது.

அப்ப காலேஜுக்கு என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மதியம் சாப்பிட்ட பிறகு அறையில் சத்தம் கேட்டுப் போனேன். வயலின் பெட்டியைத் திறந்து வைத்திருந்தாள். இடது காதில் பஞ்சு. டாக்டரிடம் கேட்காமலா என்று நான் ஆரம்பித்தேன்.

"நேத்தே கேட்டுட்டேன், நீ மருந்து வாங்கப் போனப்ப. மெதுவா, கொஞ்ச நேரம்னா வாசிக்கலாம்னு சொன்னாரு. ஒக்காரு. இங்குட்டு, வலது பக்கம்."

உட்கார்ந்தேன். பொன்னாடைப் பத்திரிகையின் ஸ்வரப் பக்கத்தைத் தரையில் விரித்து, மடிப்பு எழும்பாமல் இருக்க என் வேதியியல் புத்தகத்தை ஓரத்தில் வைத்திருந்தாள். சுருதிப் பெட்டியைக் குறைவாக வைத்தாள். முதல் வரியை வாசித்தாள். வலது காதை வயலின் பக்கம் கொண்டுவரத் தலையை ஒரு மாதிரி சாய்த்துக்கொண்டாள், பார்க்கவே கழுத்து வலிக்கும்போல இருந்தது.

"மேல போனப்ப எப்படி இருந்துச்சு?"

நன்றாக இருந்தது என்று சொல்ல எல்லா ஆசையும் இருந்தது.

"எனக்குத் தெரியலடி."

"சரி. அப்படியே சொல்லு. நல்லாருக்குன்னு மட்டும் சொல்லிறாத." வில்லைத் துடைத்தாள். "ஜூன்ல போறேன். போயி, இந்தக் காது இப்படித்தான் கேக்கும்னு சார்கிட்ட முதல்லயே சொல்லிறேன். அவர் கேட்டுத் திருத்தட்டும். முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லட்டும். வந்துர்றேன்."

விடுதி, பேருந்து ஹாரன், கல்யாண மண்டபங்களில் அடுக்கி வைக்கிற ஒலிபெருக்கிப் பெட்டிகள், மிச்சமிருக்கிற அந்த ஒரு காது, எல்லாம் ஒரே சமயத்தில் எனக்குள் ஓடியது. சரி என்றேன்.

அதே வரியை மறுபடி எடுத்தாள். நான் தரையில் கிடந்த பக்கத்தை என் பக்கம் லேசாகத் திருப்பிக்கொண்டு, எழுத்துகளை விரலால் தொடர்ந்து போனேன். அவள் எந்த எழுத்தில் இருக்கிறாள் என்று கடைசிவரை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.